மெதுவாக ஓடிய கார்

ஒரே விளையாட்டு, ஒரே கம்ப்யூட்டர். ஒரு எமுலேட்டர் புரோகிராமில் போட்டால் மெதுவாக ஓடுகிறது, இன்னொன்றில் போட்டால் வேகமாக ஓடுகிறது. ஏன்? சிட்டாள் ஆச்சி இதைக் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கிறவள் என்ற பெயர் மட்டும்தான் இருந்தது.

போன வருடம், 1998. பிளஸ் டூ முடித்திருந்தேன். அடுத்து என்ன என்று முடிவாகவில்லை. வீட்டில் உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை. காரைக்குடியில் இமானுவேல் சார் நடத்திய கம்ப்யூட்டர் சென்டரில் மெஷின்களைப் போட்டு அணைப்பதும், வருகிறவர்களுக்குப் பாட நேரம் சொல்வதும் என் வேலை. ஒரு சனிக்கிழமை வெள்ளைச் சேலை கட்டிய ஒரு அம்மா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். பிள்ளையைச் சேர்க்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"யாரச் சேக்கணும் ஆச்சி?"

"யாரையும் சேக்க வரல. கார் ஓட்ட வந்திருக்கேன்."

கைப்பையிலிருந்து சில ஃபிளாப்பிகளை எடுத்து மேசையில் வைத்தார். பின்னால் உட்கார்ந்திருந்த மாணவன் சேதுபதி சிரித்துவிட்டான்.

"லைசென்ஸ் எடுத்துட்டீகளா ஆச்சி?"

"நீ மொதல்ல சைக்கிள்ல ரெண்டு கையையும் வச்சு ஓட்டுடா. நேத்து பஸ் ஸ்டாண்டுல பாத்தேன்."

அதற்குப் பிறகு அவன் அவரிடம் வாயைக் கொடுக்கவில்லை.

சிட்டாள் ஆச்சி பக்கத்துக் கானாடுகாத்தான்காரர். பெரிய வீடு. ஆனால் பங்காளிகள் அவரவர் அறைகளைப் பூட்டிவிட்டு வெளியூர் போய்விட்டார்கள். திறந்திருப்பது இவருடைய அறையும் சமையல்கட்டும்தான். கணவர் பினாங்கில் வேலை பார்த்தபோது ஒரு டிவி கேம் வாங்கி வந்தாராம். விடுமுறைக்கு விடுதியிலிருந்து மகன் சொக்கு வரும்போதெல்லாம் அம்மாவும் மகனும் அதில் கார் பந்தயம் ஓட்டுவார்கள். பிறகு கணவர் இறந்துவிட்டார். சொக்கு படிப்பை முடித்து அமெரிக்கா போனார். பூட்டிக் கிடந்த அறையில் எலி அந்தப் பெட்டியின் வயரைக் கடித்துவிட்டது. அதோடு கார் நின்றது.

அந்தப் பெட்டி செய்கிற வேலையைக் கம்ப்யூட்டருக்குள் செய்து காட்டும் புரோகிராம்தான் எமுலேட்டர். சொக்கு அங்கே அதைப் போட்டு மறுபடி ஓட்ட ஆரம்பித்திருந்தார். ஊருக்கு வந்த ஒருவரிடம் அம்மாவுக்கும் கொடுத்துவிட்டார். ஒன்று ஓடாவிட்டால் இன்னொன்று ஓடட்டும் என்று இரண்டு எமுலேட்டர்கள். கூடவே ஞாயிற்றுக்கிழமை போனில் ஒரு பந்தயமும் கட்டினார். ஆச்சி அதை மகன் குரலிலேயே சொல்லிக் காட்டுவார்.

"ஆத்தா, ஒரு சுத்து என்னையவிட சீக்கிரமா ஓட்டிட்டீகன்னா, இந்த வருசம் பிள்ளையார் நோன்புக்கு வந்து நானே இழை எடுத்துத் தாரேன்."

நான் வேதக்காரப் பெண், சர்ச்சுக்குப் போகிற குடும்பம். எனக்கு இது புதிது. ஆச்சிதான் விளக்கினார். கார்த்திகை தீபத்துக்குப் பிறகு வரும் நோன்பு அது. மாவைப் பிடித்து, அதில் நூல் திரி வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வார்கள். அதற்கு இழை என்று பெயர். வீட்டில் மூத்த ஆண் எடுத்துக் கொடுப்பார். கணவர் போன பிறகு ஆச்சி பங்காளி வீட்டுக்குப் போய், அவர்கள் குடும்பம் எல்லாம் வாங்கி முடித்ததும் கடைசி ஆளாகக் கை நீட்டுகிறார்.

"சொந்த வீட்டுல, பெத்த மகன் கையால ஒரு தடவ வாங்கணும் பெல்சி. வேற என்ன?"

அதனால் சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி வந்தார். மூலையில் இருந்த பழைய மெஷினை ஒதுக்கிக் கொடுத்தோம். அதில் ஒலி கிடையாது, படம் மட்டும்தான். முதல் எமுலேட்டரைப் போட்டேன். ஓடியது. இரண்டாவதைத் தொடவில்லை. ஆச்சி நாற்காலி நுனியில் உட்கார்ந்து, வளைவு வரும்போது தானும் சாய்ந்து ஓட்டுவார். வாராவாரம் நேரம் குறைந்தது. ஒருநாள், சொக்கு போனில் சொன்ன நேரத்தையும் முந்திவிட்டார். திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எங்கள் எல்லோருக்கும் காளிமார்க் சோடா வாங்கி வரச் சொன்னார். அடுத்த சனிக்கிழமை வந்ததும், சொக்கு லீவு கேட்கப் போகிறார் என்றார். வீட்டு முகப்பைக் கழுவிவிட ஆள் சொல்லியிருந்தார். தாழ்வாரத்து விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றி, வருடக்கணக்கில் திறக்காத சாப்பாட்டுக் கூடத்தைத் திறந்திருந்தார்.

அன்று முதலாவது எமுலேட்டர் ஏனோ திறக்கவில்லை. ஃபிளாப்பியில் இருந்த இரண்டாவதைப் போட்டுக் கொடுத்தேன். கார் கிளம்பியது. முதல் வளைவிலேயே சுவரில் போய் மோதியது. மறுபடியும் மோதியது.

"என்ன பிள்ள இது, பேய் புடிச்ச மாதிரி ஓடுது? எதயாச்சும் தட்டிவிட்டியா?"

"இல்ல ஆச்சி. அதே விளையாட்டுதான்."

"அப்ப எதுக்கு அது மெதுவா ஓடுச்சு, இது இப்புடி ஓடுது? எது சரி?"

இமானுவேல் சாரைக் கேட்டேன். அவர் "மெஷின் பழசும்மா" என்றார். மெஷின் ஒன்றுதானே, பிறகு எப்படி இரண்டு வேகம்? அந்த வாரம் முழுக்க எனக்கு இதே நினைப்பு. முதலாவதைச் சரிசெய்து இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டேன். விளையாட்டுக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடும். அதன் பக்கத்தில் என் கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். இரண்டாவது எமுலேட்டரில் இரண்டும் ஒன்றாக ஓடின. முதலாவதில் விளையாட்டுக்குள் ஒரு நிமிடம் முடிவதற்குள் என் கையில் ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் போயிருந்தது.

எமுலேட்டர்களோடு வந்த குறிப்புகளை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். நான் புரிந்துகொண்டது இது. டிவி கேம் பெட்டி பேசும் மொழி கம்ப்யூட்டருக்குத் தெரியாது. எமுலேட்டர் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். கானாடுகாத்தான் வீடுகளைப் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களுக்கு வழிகாட்டி சொல்வது போல. ஒரு வழிகாட்டி ஒவ்வொரு தூணுக்கும் முன்னால் நின்று, அந்த வீட்டுக்காரர் சொல்லச் சொல்ல, ஒரு வார்த்தை விடாமல் புதிதாக மொழிபெயர்ப்பார். நேற்று சொன்னதையே இன்றும் முதலிலிருந்து. இன்னொருவர் ஒரு தடவை மொழிபெயர்த்ததை மனதில் வைத்துக்கொண்டு கடகடவென்று ஒப்பிப்பார். பார்க்கிறவர் கவனிக்காத இடத்தைச் சொல்லாமல் தாண்டிவிடுவார். இரண்டாவது எமுலேட்டர் இவரைப் போல. முதலாவது அந்த முதல் வழிகாட்டியைப் போல, பெட்டிக்குள் நடக்கும் எல்லாவற்றையும் அப்படியே செய்து காட்டப் பார்க்கிறது. அதற்கு வலுவான மெஷின் வேண்டும். சொக்குவிடம் அது இருந்தது, அங்கே எதைப் போட்டாலும் சரியான வேகத்தில் ஓடும். எங்கள் மூலை மெஷின் மூச்சு வாங்கியது. விளையாட்டின் கடிகாரமும் சேர்ந்தே மெதுவானதால் ஆச்சிக்கு ஒவ்வொரு வளைவிலும் யோசிக்க நேரம் கிடைத்தது. ஒலி இருந்திருந்தால் விளையாட்டில் வரும் பாட்டு இழுப்பதைக் கேட்டே கண்டுபிடித்திருப்பார். பல வருடம் கழித்து ஓட்டியதால் பழைய வேகம் மறந்து, கை தேறிவிட்டது என்று நம்பிவிட்டார்.

சனிக்கிழமை இதைச் சொன்னேன். கடிகாரத்தை வைத்துக் காட்டினேன். ஆச்சி இரண்டு கடிகாரங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப நான் ஜெயிக்கல."

"சொக்கு அண்ணனுக்கு எப்புடி ஆச்சி தெரியப் போகுது? பேசாம இருந்துருங்க. வந்துட்டுப் போகட்டும்."

"வந்தா என்கூட உக்காந்து ஓட்டணும்பான்ல? அப்ப என் மூஞ்சிய எங்குட்டு வைக்கிறது?"

பக்கத்தில் இருந்த ஐஎஸ்டி போன் பூத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கண்ணாடிக் கதவு சரியாகச் சாத்தாது. அவர் பேசியது மட்டும் எனக்குக் கேட்டது.

"ஐயா, நல்லாருக்கியா? … இல்லய்யா, ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. அந்தக் காரு விசயம். இங்குட்டு மெசினு மெதுவா ஓடியிருக்கு. … ஆமா. நெசமா ஓட்டுனா நான் உன் பக்கத்துலகூட வரமாட்டேன். … சிரிக்காதடா."

அவரும் சிரித்தார். பிறகு போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"அப்புடியா. … லீவு கஷ்டம்னா என்னய்யா செய்வ. … இல்ல இல்ல, நான் இன்னும் யார்ட்டயும் சொல்லல. … பொங்கலுக்குப் பாப்போம். … சரிய்யா. சாப்புடு."

வெளியே வந்து, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார். பஸ்ஸுக்கு நேரம் ஆகவில்லை.

நோன்பன்று வேடிக்கை பார்க்க வரச் சொன்னார். போனேன். கழுவிவிட்ட முகப்பில் விளக்குகள் எரிந்தன. வீட்டில் வேறு யாரும் இல்லை. ஆச்சி பூட்டிவிட்டு என்னை அழைத்துக்கொண்டு பங்காளி வீட்டுக்கு நடந்தார். அங்கே குழந்தைகள், மருமகள்கள் என்று ஒரே சத்தம். மூத்தவர் கார்த்திகேய சிவம் எல்லோருக்கும் இழை கொடுத்தார். கடைசியில் ஆச்சி கை நீட்டினார். சுடரோடு வாயில் போட்டுக்கொண்டார். மறுபடி கை நீட்டினார்.

"சிட்டா, ஒனக்குத்தான் குடுத்துட்டேனே?"

"இது சொக்குக்கு."

அவர் இன்னொன்று ஏற்றிக் கொடுத்தார்.

பொங்கலுக்கும் சொக்கு வரவில்லை. ஆச்சி இன்றும் சனிக்கிழமைதோறும் சென்டருக்கு வந்து, வேகமாக ஓடுகிற எமுலேட்டரைத்தான் போடச் சொல்கிறார். மகனுடைய நேரத்துக்கு இன்னும் வெகுதூரம் இருக்கிறது. ஆனாலும் விடவில்லை. சொக்கு இருப்பது அமெரிக்கா என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. ஆச்சியிடம் விலாசம் கேட்டால் எதற்கு என்பார். ஆகவே இதைப் படிக்கிறவர்களிடம் கேட்கிறேன். உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது அங்கே இருந்தால் இந்தக் கதையை அவர்களிடம் சொல்லுங்கள். அவர்களை இன்னொருவரிடம் சொல்லச் சொல்லுங்கள். கைமாறிக் கைமாறி சொக்கு காதுக்குப் போனால், பந்தயத்தில் ஜெயிக்கும்வரை அம்மா காத்திருக்க வேண்டாம், அவரே ஒரு டிக்கெட் எடுக்கட்டும்.