கீழ்வீட்டுக்கு ஒரு வாளி தண்ணீர்

எங்கள் வீட்டை இரண்டு வருடம் ஆண்டது ஒரே ஒரு சொல்: தற்காலிகம்.

மீன்வளம் படிக்க அப்பாவுக்குப் புலமைப்பரிசில் கிடைத்து, அம்மாவையும் என்னையும் நோர்வேக்குக் கூட்டிக்கொண்டு போனபோது எனக்கு ஒன்பது வயது. பேர்கன் என்ற ஊரில், பழைய மரவீடு ஒன்றின் மேல்மாடியில் குடியேறினோம். போன அன்றே அம்மா சட்டம் போட்டுவிட்டார். இருக்கப்போவது இரண்டு வருடம், ஒரு சாமானும் வாங்கக்கூடாது. ஆகவே யன்னலுக்குத் திரையாக அம்மாவின் பழைய சேலை தொங்கியது. சாமான் வந்த பெட்டி சாப்பாட்டு மேசையானது. கதிரை இரண்டுதான், மூன்றாவது ஆள் சூட்கேசில் குந்த வேண்டும். அந்த மூன்றாவது ஆள் யாரென்று நான் சொல்லத் தேவையில்லை. சுவரில் ஊரிலிருந்து கொண்டுவந்த கலண்டர் ஒன்று தொங்கியது. ஒவ்வொரு நாளும் படுக்கப் போகமுன் அம்மா அதில் ஒரு கோடு கிழிப்பார். ஒரு நாள் குறைந்தது என்று அவருக்கு அவ்வளவு சந்தோசம்.

அங்கே கனகாலமாக இருக்கிற நம்மூர்ச் சனம் எங்கள் வீட்டுக்கு வந்தால் பெட்டி மேசையைப் பார்த்துச் சிரிக்கும். “நாங்களும் ரெண்டு வருசத்துக்கெண்டுதான் வந்தனாங்கள்” என்று ஒருவர் சொன்னார். அவர் வந்து இருபத்தைந்து வருடமாம். அன்றிரவு அம்மா கலண்டரில் இரண்டு தரம் கோடு கிழித்தார்.

ஆனால் தண்ணீர் விடயத்தில் மட்டும் அம்மா நூறு வருடம் இருக்கப்போகிறவர் போலச் சேர்த்தார்.

எங்கள் ஊர் புளியங்கூடல், தீவுப்பக்கம். எங்கள் கிணறு உவர். அந்தத் தண்ணீரில் குளிக்கலாம், தேத்தண்ணி போட்டால் வாயில் வைக்க ஏலாது. குடிக்கிற தண்ணீர் பவுசரில், அதுதான் தாங்கி வைத்த லொறியில், வரும். பவுசர் சத்தம் கேட்டால் வீட்டில் இருக்கிற வாளி, சட்டி, போத்தல் எல்லாம் படலையடிக்கு ஓட வேண்டும். அடுத்தமுறை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அப்படி வளர்ந்த மனுசியைக் கொண்டுபோய், மழை பெய்யாத நாளை அதிசயமாகப் பேசிக்கொள்கிற ஊரில் விட்டால் என்ன நடக்கும்?

முதல்நாள் குசினிப் பைப்பைத் திறந்து ஒரு மிடறு குடித்துப் பார்த்தார். “நல்ல தண்ணியப்பா! எத்தினை மணிக்கு நிக்கும்?”

“நிக்காது” என்றார் அப்பா.

“அப்ப நாளைக்கு?”

“நாளைக்கும் நிக்காது. இஞ்சேரும், யன்னலாலை பாரும். வானமே பவுசர்தான்.”

அம்மா யன்னலால் பார்த்தார். பார்த்துவிட்டு அடுத்த போத்தலை நிரப்பினார்.

ஒரு கிழமைக்குள் குளியலறை தண்ணீர்க் களஞ்சியமாகிவிட்டது. சுவரோரம் போத்தல்கள் வரிசையில் நின்றன. ஊரிலிருந்து மிளகாய்த்தூள் அடைத்துக்கொண்டு வந்த மஞ்சள் பிளாஸ்டிக் கான், இப்போது தண்ணீர் நிறைந்து, தரையில் தண்ணீர் போகிற ஓட்டைக்கு மேலேயே கம்பீரமாகக் குந்தியிருந்தது. குளிக்கிற நேரம் மட்டும் அப்பா அதை நகர்த்துவார். வெள்ளைக் குளியல் தொட்டிதான் பிரதான தாங்கி. அதற்குள் யாரும் இறங்கக்கூடாது. குடிக்கிற தண்ணீருக்குள் காலை வைப்பதா? நாங்கள் மூன்று பேரும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, பேணியால் அள்ளிக் குளித்தோம். குறைந்ததை நிரப்பிவிடுவது என் வேலை.

அப்பாவுக்கு இருந்த ஒரே பயம் கீழ்வீடு. எங்களுக்கு முன் இருந்தவர்களை வீட்டுக்காரர் எழுப்பியதே கீழ்வீட்டு முறைப்பாட்டால்தான். “ஒரு முறைப்பாடு வந்தாலும் வீடு போயிடும். இந்த விலைக்கு வேறை வீடு கிடைக்காது. நீங்கள் ரெண்டு பேரும் ஊருக்குத்தான் போகவேணும்” என்று அப்பா எங்களை எச்சரித்து வைத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் எனக்கு அப்போதுதான் மூன்று சிநேகிதிகள் சேர்ந்திருந்தார்கள். பனி கொட்டியதும் சறுக்கு வண்டியில் என்னைக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருந்தார்கள். பனி கொட்டமுன் நான் எங்கும் போவதாக இல்லை.

கீழ்வீட்டில் இருந்தவ பஸ் ஓட்டுகிற நோர்வேக்கார அன்ரி. ஆறடி உயரம். அவ சிரித்து நாங்கள் கண்டதில்லை.

அன்று சனிக்கிழமை. அப்பா நூலகத்துக்குப் போயிருந்தார், அம்மா குசினியில் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தார். நான் தொட்டிப் பைப்பைத் திறந்துவிட்டு யன்னலால் பார்த்தால், வெள்ளை வெள்ளையாக ஏதோ விழுகிறது. பனி! பிறகு என்ன பைப், என்ன தொட்டி? முற்றத்தில் வாயை ஆவென்று திறந்து பனி பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள்.

கீழ்வீட்டுக் கதவு அடித்துத் திறந்தது. அன்ரி வெளியே வந்தா. தலைமயிர் ஒரு பக்கம் நனைந்திருந்தது. ஒரு கால் எடுத்து வைத்தால் மூன்று படியாக மேலே ஏறினா. எனக்குப் பைப் ஞாபகம் வந்தது அப்போதுதான். பின்னால் பாய்ந்து ஓடி, சப்பாத்தைக் கழற்றி எறிந்து, அம்மா கதவைத் திறக்கிற நேரம் அன்ரியின் கைக்குக் கீழால் நுழைந்து, குளியலறைக் கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றேன். கதவுக்குக் கீழால் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. என் காலுறை மெல்ல ஊறியது.

அன்ரி கையை நீட்டி நீட்டிக் கத்தினா. தன் கட்டிலில் மழை பெய்கிறதாம், எங்கள் பைப் திறந்து கிடக்கிறதாம், இப்போதே வீட்டுக்காரருக்கு அழைக்கப் போகிறாவாம். அம்மாவுக்கு அந்தப் பாசை தெரியாது. அந்த வீட்டின் மொழிபெயர்ப்பாளர் நான்தான்.

“என்னவாம் பிள்ளை?”

“அவவின்ரை வீட்டிலை… தண்ணி வரேல்லையாம்.”

அம்மா என்னைப் பார்த்தார். அன்ரியின் நனைந்த தலையைப் பார்த்தார். “ஐயோ, பாவம்” என்றார். என்னை ஒரு பக்கம் தள்ளிவிட்டுக் குளியலறைக்குள் போனார். பைப் நின்றது. திரும்பி வந்தபோது கையில் விளிம்பு தட்ட ஒரு வாளி தண்ணீர். அதை அப்படியே அன்ரியின் இரண்டு கையிலும் கொடுத்துவிட்டார்.

கூரையால் தண்ணீர் ஒழுகுகிறது என்று சண்டைக்கு வந்த மனுசி, கையில் வாளியோடு நின்றா. வாளியைப் பார்த்தா, அம்மாவைப் பார்த்தா, பிறகு என்னைப் பார்த்து மெதுவாக “இது எதுக்கு?” என்று கேட்டா.

“குடிக்க” என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல?

அவவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாளியை வைத்துவிட்டு, சூட்கேசில் குந்தி, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தா. பிறகு குளியலறைக்குள் எட்டிப் பார்த்து, போத்தல் வரிசையைக் கண்டதும் இன்னொரு தரம் தொடங்கினா. மஞ்சள் கானை ஒற்றைக் கையால் நகர்த்தியதும் அவதான். தேங்கி நின்ற தண்ணீர் களகளவென்று இறங்கிப் போனது. அவவும் அம்மாவும் முழங்காலில் நின்று தரை துடைத்தார்கள். அப்பா வந்தபோது அன்ரி தேத்தண்ணியும் கத்தரிக்காய்ப் பொரியலுமாக இருந்தா. அப்பாவின் முகம் வெளுத்தது.

“ஆர் பைப்பைத் திறந்துவிட்டது?”

“நான்தான். மறந்துபோனன்” என்றார் அம்மா.

நான் மூச்சு விட்டேன். பாவம், தான்தான் திறந்ததென்று அம்மா உண்மையாகவே நினைக்கிறார் என்று தீர்மானித்தேன். வீட்டுக்காரருக்கு முறைப்பாடு போகவில்லை. அன்ரி கேட்டது ஒன்றே ஒன்று, தொட்டியைக் காலியாக்க வேண்டும். அடைப்பை இழுத்துவிட்டு, தண்ணீர் போவதைப் பார்க்க மனமில்லாமல் அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த ஞாயிறு அப்பா கீழ்வீட்டுக் கூரைக்குப் பெயின்ற் அடித்தார். நான் அந்த மாரி முழுக்கச் சறுக்கு வண்டியில் சறுக்கினேன்.

வெட்கமில்லாத கதை இனித்தான். மிச்சக் காலம் முழுக்க அம்மாவுக்குப் புத்தி சொன்னேன். வெளிக்கிடும்போதெல்லாம், ஆட்களுக்கு முன்னாலும், “அம்மா, பைப்பை மூடினீங்களே? உங்களுக்கு மறதி” என்பேன். அம்மா ஒவ்வொரு முறையும் “ஓம் பிள்ளை” என்பார்.

இரண்டு வருடம் முடிய ஊர் திரும்பினோம்; நான் வளர்ந்து கம்பஸ் போய்விட்டேன். போன மாதம் லீவில் ஊருக்கு வந்திருந்தேன். பவுசர் வந்தது. அதே மஞ்சள் கானைப் பிடித்துக்கொண்டு போனைப் பார்த்ததில் கான் வழிந்து ஒழுங்கையே வெள்ளம். சனம் ஏச, நான் சிரித்துச் சமாளித்தேன். “அம்மா, உங்கடை மறதிதான் எனக்கும் வந்திருக்கு.”

“எனக்கெங்கை மறதி?” என்றார் அம்மா. “அண்டைக்குக் கதவை மறைச்சுக்கொண்டு நிண்டனி. தண்ணி வரேல்லையாம் எண்டு நீ சொல்லுறாய், என்ரை செருப்புக்குள்ளை தண்ணி வருது.”

நான் கானைக் கீழே வைத்தேன். “அப்ப ஏன் வாளியைக் குடுத்தனீங்கள்?”

“கோவத்திலை வாற ஆளின்ரை கையிலை நிறைவாளியைக் குடுத்துப் பார். கையை நீட்டிக் கத்த ஏலாது. ஊத்துப்படாமல் பிடிக்கத்தான் பாக்கும். பவுசரடியிலை எத்தினை சண்டையை இப்பிடி நிப்பாட்டியிருக்கிறன்.”

அன்று அன்ரியைக் கத்தவிட்டு, வீட்டுக்காரருக்கு முறைப்பாடு போகவும் விட்டிருந்தால், அடுத்த கிழமையே அம்மா ஊருக்கு வந்திருக்கலாம். ஒவ்வொரு இரவும் கோடு கிழித்துக்கொண்டிருந்தவர் அவர்தான். பனி கொட்ட வேண்டும் என்று நின்றவள் நான். கலண்டரில் அம்மா தன் கையால் நீட்டிவிட்ட நாட்கள் என்னுடையவை என்று, சறுக்கு வண்டியில் குந்தியிருந்தவளுக்கு எப்படித் தெரியும்?

பவுசர் போய்விட்டது. கானை நான் ஒரு பக்கமும் அம்மா மறுபக்கமும் பிடித்துத் தூக்கினோம்.

“பிள்ளை, பைப்பை மூடினனியே?” என்றார் அம்மா. மூடுவதற்கு அங்கே ஒரு பைப்பும் இல்லை.

“ஓம் அம்மா” என்றேன்.