பாக்கெட் இடம் மாறிய போஸ்டர்

சினிமா போஸ்டர்களை மாற்றி வரைவது எனக்கு ஒரு பைத்தியம். பழைய படம் ஒன்றை எடுத்துக்கொள்வேன். ஹீரோவின் முகம், ஹீரோயினின் கண்ணீர், வில்லனின் கத்தி எல்லாவற்றையும் தூக்கிவிட்டு, அவர்கள் விட்டுப்போன ஒரு பொருளை மட்டும் வைப்பேன். ஒரு காலி நாற்காலி, ஒற்றைச் செருப்பு. ஆளை எடுத்த பிறகும் கதை தெரிய வேண்டும் என்பது நானே போட்டுக்கொண்ட சட்டம். தென்னூரில் நான் வேலை பார்க்கும் ஃப்ளெக்ஸ் கடையில் மதியம் கூட்டம் இருக்காது. அப்போது வரைந்து, பெயர் போடாமல் இன்ஸ்டாகிராமில் ஏற்றுவேன். ஸ்ரீரங்கத்தில் எங்கள் ஆத்தில் யாருக்கும் தெரியாது. அப்பா கோயில் கைங்கர்யத்தில் இருப்பவர், சினிமா என்றாலே முகம் சுளிப்பார்.

ஒரு நாள் மண்ணச்சநல்லூரிலிருந்து ஒருவன் கடைக்கு வந்தான். வீட்டு அரிசி ஆலையைப் பார்த்துக்கொள்பவன். போனில் ஒரு போஸ்டரைக் காட்டி, பெரிதாகப் பிரிண்ட் போட்டுத் தரச் சொன்னான். அது நான் வரைந்தது. ஆணியில் தொங்கும் ஒரு சட்டை, அவ்வளவுதான்.

"யார் வரைஞ்சதுன்னு தெரியலங்க. ஆனா ஒரு தப்பு இருக்கு. பாக்கெட் வலது பக்கம் வந்திருக்கு பாருங்க," என்றான்.

பார்வைக்கு நன்றாக இருக்கிறதே என்று படத்தை இடம் வலமாகப் புரட்டியிருந்தேன். அத்தனை பேர் பார்த்தும் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வரைந்தவள் நான்தான் என்று சொல்லி, அரை மணி நேரம் அவனோடு வாதாடினேன். எங்கள் காதல் அந்தச் சண்டையில்தான் ஆரம்பித்தது.

மூன்று வருடம் போனது. அக்கா கல்யாணம் முடியட்டும் என்றேன், முடிந்தது. அப்பாவுக்கு உடம்பு தேறட்டும் என்றேன், தேறியது. அவன் வீட்டில் பெண் பார்க்க ஆரம்பித்ததும், வந்து அப்பாவிடம் பேசட்டுமா என்று கேட்டான். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். "உங்க வீட்டுல பாக்கற பொண்ணையே கட்டிக்கோ, என்னைப் படுத்தாதே," என்றேன். எத்தனை சண்டை போட்டாலும் மறுநாள் கடை வாசலில் வந்து நிற்பான். அந்த முறை வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. எனக்கு என் வாய்தான் எதிரி.

ஏழெட்டு மாதம் கழித்து மூன்று பையன்கள் கடைக்கு வந்தார்கள். நண்பனுக்குக் கல்யாண ஃப்ளெக்ஸ், சினிமா போஸ்டர் மாதிரியே இருக்க வேண்டும் என்றார்கள். கம்ப்யூட்டரில் மாப்பிள்ளை படத்தைத் திறந்தேன். அவன். முக்கொம்பு அணையில் நாங்கள் இருவரும் நின்று எடுத்துக்கொண்ட படம். என்னை வெட்டிவிட்டு வாட்ஸ்அப்பில் வைத்திருந்தான் போலிருக்கிறது. தோளில் என் நான்கு விரல் மட்டும் மிச்சம் இருந்தது. எங்கள் விஷயத்தை யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கியவள் நான். அவன் காப்பாற்றியிருக்கிறான்.

"அக்கா, இந்தக் கை யாருதுன்னு தெரியல. அத மட்டும் எடுத்துடுங்க. இந்த ஒரு போட்டோலதான் சிரிச்சிருக்கான்," என்றான் ஒருவன்.

முடியாது என்று சொல்ல என்னிடம் ஒரு காரணமும் இல்லை. நீலக் கட்டம் போட்ட சட்டை. பக்கத்துக் கட்டங்களை எடுத்து ஒட்டி, விரல் விரலாக என்னை அழித்தேன்.

பெண்ணின் படம் தனியாக வந்திருந்தது. களையான முகம். அவளை நான் நின்ற பக்கம் நிறுத்தியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். அவ்வளவு பெரிய மனசு எனக்கில்லை. மறுபக்கம் நிறுத்தினேன். நிறுத்திய பிறகுதான் கவனித்தேன், கையை அழித்தாலும் அவன் சாய்வு போகவில்லை. தலையும் தோளும் என் பக்கமே சாய்ந்திருந்தன. பெண்ணை விட்டு விலகி, யாருமில்லாத இடத்தின் மேல் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். ஆளை எடுத்த பிறகும் கதை தெரிந்தது. நான் செய்ததிலேயே நல்ல போஸ்டர் அதுதான்.

அப்படியே அனுப்பிவிடலாம், ஊரே பார்க்கட்டும் என்று ஒரு வன்மம் வந்தது. பிறகு அந்தப் பெண்ணை நினைத்தேன். மண்டபத்து வாசலில் காரை விட்டு இறங்கி அதை நிமிர்ந்து பார்ப்பாள். அவள் எனக்கு என்ன கெடுதல் செய்தாள்? அவன் படத்தை மட்டும் இடம் வலமாகப் புரட்டினேன். ஒரே சொடுக்கு. அவன் அவள் பக்கம் சாய்ந்தான்.

கல்யாணத்தன்று காலை கடையைத் திறந்து உட்கார்ந்தேன். எட்டே முக்காலுக்கு அவனிடமிருந்து ஒரு படம் வந்தது. மண்டபத்து வாசலில் நிற்கும் ஃப்ளெக்ஸ். அதற்குக் கீழே ஒரு வரி.

"பாக்கெட் வலது பக்கம் வந்திருக்கு."

கோபம் வந்திருந்தால் ஏதாவது பேசியிருப்பேன். அன்று பார்த்து வரவில்லை. முகூர்த்தம் ஒன்பது மணிக்கு என்று அந்த ஃப்ளெக்ஸில் அடித்தவள் நான்தான். ஒன்பது ஆகும்வரை போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.