சாம்பிள் ஃப்ளாட் ஞாயிறுகள்

இந்த வாரம் முழுக்க மேல்வீட்டில் பிளைவுட் அறுக்கிறார்கள். விக்ரோலியில் எங்கள் கட்டடத்தில் யாராவது ஒருவர் எப்போதும் வீட்டை உடைத்துக்கொண்டே இருப்பார், அதனால் சத்தம் பழகிவிட்டது. வாசனைதான் பழகவில்லை. புதுப் பலகையும் பசையும் கலந்த அந்த நெடி ஜன்னல் வழியாக வந்தால் மற்றவர்களுக்குத் தும்மல் வரும். எனக்குப் பசிக்கும். பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்த புலாவும் ஓரத்தில் நசுங்கிய குலாப் ஜாமூனும் ஞாபகத்துக்கு வரும். ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்ல வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வடாலாவில் மோனோ ரயிலுக்குத் தூண் நட்டுக்கொண்டிருந்த காலத்தில் நான் கல்யாணமாகி தாராவிக்கு வந்தேன். வள்ளியூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊர் எனக்கு. மாப்பிள்ளைக்கு பம்பாயில் சொந்த வீடு இருக்கிறது என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். பொய்யில்லை, இருந்தது. ஒரே அறை. அதற்குள் என் மாமியார், என் வீட்டுக்காரர், அவர் தம்பி, நான். கொழுந்தன் பலகை போட்ட பரணில் படுப்பான். மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தை வாசலை ஒட்டிப் படுப்பார். நடுவில் கயிறு கட்டி ஒரு பழைய சேலையைத் தொங்கவிட்டு, அதற்கு இந்தப் பக்கம் நாங்கள். அந்தச் சேலைதான் எங்கள் பெட்ரூம். திங்கட்கிழமை துவைக்கப் போட்டால் பெட்ரூம் காயும்வரை காத்திருக்க வேண்டும்.

அந்த வீட்டில் சண்டையே கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, சண்டை போட இடம் கிடையாது. என் வீட்டுக்காரர் வடாலாவில் தகரம் வெட்டும் பட்டறையில் பிரஸ் மெஷின் ஓட்டினார். அந்த இரைச்சலில் கத்திக் கத்தியே மெதுவாகப் பேசுவது அவருக்கு மறந்துபோயிருந்தது. அவர் என் காதோடு கேட்ட கேள்விகளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் சொல்லியிருக்கிறாள். ஒரு தடவை சேலைக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு, "ஏட்டி, தலை வலிக்கா?" என்று ரகசியமாகக் கேட்டார். பரணிலிருந்து தைல பாட்டில் இறங்கி வந்தது.

ஆகவே பேச வேண்டியதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கென்று சேர்த்துவைத்தோம். கையில் பெரிதாகக் காசில்லாத புருஷன் பெண்டாட்டி இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை எங்கெங்கே போகலாம் என்று என்னைக் கேளுங்கள், நான் சொல்வேன். தாதர் கடற்கரை இலவசம். ஆனால் அலைச் சத்தத்தை மிஞ்ச வேண்டும் என்று அவர் இன்னும் கத்தினார், கடலை விற்பவர் கூடையை இறக்கிவைத்துவிட்டு எங்கள் வீட்டு விஷயத்தை நின்று கேட்டார். செம்பூர்ப் பக்கத்து மாலில் ஏசியும் நகரும் படிக்கட்டும் இலவசம். நின்றால் வாட்ச்மேன் வருவான். நடந்துகொண்டே சண்டை போட எனக்கு வராது. மாட்டுங்காவில் கோயில் மண்டபத்துக் கச்சேரியும் இலவசம்தான், நாற்காலி உண்டு, ஃபேன் உண்டு, முடிந்தால் சுண்டலும் உண்டு. பட்டுச்சேலை கட்டிய மாமிகள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். பாடகர் கண்ணை மூடி ராகத்தை இழுத்துக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் என் பக்கம் சாய்ந்து, "ஒங்கண்ணன் என்னைக்கு வாரான்?" என்றார். பாடகர் கண்ணைத் திறந்து பார்த்தார். எங்கள் சங்கீதம் அத்தோடு முடிந்தது.

அண்ணன் அடுத்த மாதம் வருவதாக இருந்தது. அவன் மகளுக்குச் சடங்கு, என்னை ஊருக்கு அழைத்துப்போக வருகிறான். போனால் திரும்பி வருவதில்லை என்று நான் முடிவு செய்திருந்தேன். யாரும் என்னை அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. ஆனால் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகப்போகிறது, என் புருஷனோடு ஒரு பகல் நேரம் தனியாக இருந்ததில்லை. சேலை மாற்றினால் வீட்டையே வெளியே நிறுத்த வேண்டும். அழுகை வந்தால் குழாயடிக்குப் போக வேண்டும், அங்கேயும் வரிசை. மூச்சு முட்டிப்போய் இருந்தேன். இதை அவரிடம் சொல்லிவிட்டுப் போவதுதான் நியாயம். எங்கே வைத்துச் சொல்வது என்பதுதான் பிரச்சினை.

அப்போதுதான் சயான் ஸ்டேஷன் வாசலில் அவர் கையில் யாரோ ஒரு விளம்பரத் தாளைத் திணித்தார்கள். ஞாயிறு காலை பத்து மணிக்கு ஏசி பஸ், பன்வேல் தாண்டி ஓரிடத்தில் வீடு பார்க்கலாம், மதியச் சாப்பாடு இலவசம், வாங்கியே ஆக வேண்டும் என்றில்லை. கட்டடம் இன்னும் எழும்பியிருக்காது, மாதிரிக்கு ஒரு வீடு மட்டும் செய்துவைத்திருப்பார்கள். சாம்பிள் ஃப்ளாட். என் வீட்டுக்காரர் என்னைத் தனியாக அழைத்து, கல்லி என்கிற எங்கள் சந்து முழுக்கக் கேட்கும்படி, "அதுல பெட்ரூம் இருக்கும்ட்டி. கதவும் இருக்கும்" என்றார். எனக்கு அவர்மேல் அப்படி ஒரு பிரியம் வந்தது. அதே மூச்சில் உள்ளே திரும்பி, "எம்மா, சாப்பாடு ஃப்ரீயாம், நீயும் வாறியா?" என்றார். பிரியம் வந்த வழியே போய்விட்டது.

அத்தைக்கு ஏசி பஸ் அதுதான் முதல் தடவை. ஜன்னலைத் திறக்க முடியாது என்பது அவருக்கு வாஷி பாலத்தில்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு நடந்ததை விவரிக்க வேண்டாம், முன்சீட்டுக்காரர் சட்டையைக் கழற்றினார் என்பது போதும். இறங்கி, வாயைக் கொப்பளித்துவிட்டு, "இந்தச் சவத்துல இனி நான் கால வச்சா என்னச் செருப்பக் கழத்தி அடி" என்றார் மகனிடம்.

பெரிய தகரக் கொட்டகை. ஒரு பக்கம் மேசை நாற்காலிகளும் டீ மெஷினும், மறு பக்கம் சாம்பிள் ஃப்ளாட். உள்ளே போனால் இதே பிளைவுட் வாசனை. ஆப்பிள் மெழுகு. டிவி அட்டை. அலமாரியில் புத்தகங்களுக்கு முதுகு மட்டும் இருந்தது. அறை பெரிதாகத் தெரிய வேண்டும் என்று கட்டிலைக் குட்டையாகச் செய்திருந்தார்கள், என் வீட்டுக்காரர் படுத்துப் பார்த்தபோது முழங்காலுக்குக் கீழே வெளியே நின்றது. காட்டவந்த மராட்டிப் பெண் எல்லாவற்றையும் ஹிந்தியில் விளக்கினாள். இந்த ஜன்னலைச் சாத்திவிட்டால் வெளிச் சத்தம் துளிகூட வராது என்றாள். அவர் என்னைப் பார்த்தார். பெட்ரூமை நாங்கள் தனியாகப் பார்க்கலாமா என்று கேட்டார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டு போனாள். அத்தை டீ மெஷின் பக்கத்தில் கச்சோரித் தட்டோடு உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் கதவைச் சாத்தினார். க்ளிக் என்று ஒரு சத்தம். கல்யாணத்துக்குப் பிறகு எங்களுக்காக மூடிய முதல் கதவு அது.

சொல்லிவிட்டேன். "நான் ஊருக்குப் போனா வரமாட்டேன். அத்தை நல்லவிய, அதான் வம்பு. கெட்டவியளா இருந்தா நல்லா சண்டை போட்டுட்டுப் போயிருப்பேன். ஒரு நாளு கதவச் சாத்திட்டு ஒங்களோட இருக்கணும். இத நான் யாருட்டப் போய்க் கேக்க?"

அவர் ஆரம்பித்தார். கதவு இருக்கிறது, ஜன்னல் சத்தம் விடாது, பயப்பட ஒன்றுமில்லை என்று ஒரு வருஷத்துக்கும் சேர்த்துக் கத்தினார். "எங்கம்மைய எங்கட்டி போகச் சொல்ல? தெருவுல நிக்கச் சொல்லவா? கேட்டா போயிருவா! இன்னைக்கே பெட்டியத் தூக்கிட்டு ஊருக்குப் போயிருவா, அதாம்ட்டி கேக்கல! நீ போனாலும் நான் செத்தேன், அவ போனாலும் நான் செத்தேன்!"

சொல்லிவிட்டு, குட்டைக் கட்டிலில் உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அண்ணாந்தேன். அப்போதுதான் பார்த்தேன், சுவருக்கு மேலே ஒன்றுமில்லை. நடுவில் விளக்குக்காக ஒரு அலங்காரப் பலகை தொங்கியது, அவ்வளவுதான். சுவர்கள் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றுவிட்டன. அதற்குமேல் கொட்டகையின் தகரம். பிளைவுட் சுவரின் விளிம்பில் ஒரு புறா உட்கார்ந்து அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது. வெளியே டீ மெஷின் மட்டும் உறுமியது.

கதவைத் திறந்தோம். கொட்டகையில் எல்லோரும் அவரவர் டீயை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்டது எல்லோருக்கும். தமிழ் புரிந்தது ஒருவருக்கு மட்டும். அத்தை கச்சோரியை மிச்சம் வைக்காமல் தின்றுமுடித்து, தட்டைக் கூடையில் போட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"பெட்ரூம் நல்லாருக்காட்டி?"

"நல்லாருக்கு அத்தை."

"காத்து வருதா?"

"வருது அத்தை."

அவ்வளவுதான் பேசினோம். திரும்பும்போதும் வாஷி பாலத்தில் வாந்தி எடுத்தார். நான்தான் முதுகைத் தடவிக்கொடுத்தேன். வீட்டுக்குப் போனதும் பெட்டியை எடுப்பார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை, ரசம் வைத்தார்.

அடுத்த ஞாயிறு கொழுந்தன் வழக்கம்போல விடிந்ததும் கிரிக்கெட்டுக்குப் போனான். அத்தை குளித்து, நல்ல சேலை கட்டி, கையில் ஒரு எலுமிச்சம்பழத்தோடு கிளம்பி நின்றார். எங்கே என்று அவர் மகன் கேட்டார்.

"வீடு பாக்கத்தான். வீட்டுல இருந்தா எனக்குப் பொழுது போகல."

"பஸ்ஸு ஒனக்கு ஆகாதேம்மா?"

"அது அன்னைக்குப் பித்தம்ல." வாசலைத் தாண்டி நின்று என்னைப் பார்த்து, "கதவச் சாத்திக்கோ. கல்லியில நாய் வருது" என்றார். அந்தக் கல்லியில் நாயே கிடையாது. நாய் வந்தாலும் படுக்க இடம் வேண்டுமே.

கதவைச் சாத்திவிட்டு நாங்கள் என்ன செய்தோம் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள், ஆனாலும் சொல்கிறேன். முதல் ஞாயிறு தூங்கினோம். இரண்டு பேரும் அப்படியே கட்டையாகக் கிடந்து தூங்கினோம். அதற்கடுத்த ஞாயிறு சண்டை போட்டோம். டிவி என்று நினைத்து, சத்தத்தைக் குறைக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரி சுவரைத் தட்டினாள். மற்ற ஞாயிறுகள் எங்கள் சொந்த விஷயம். அண்ணன் வந்தான், சடங்குக்குப் போனேன், ஒரு வாரத்தில் திரும்பி வந்தேன்.

அத்தை வருஷக்கணக்காகப் போனார். பன்வேல், கல்யாண், பத்லாபூர். நாலு மணிக்குத் திரும்பிவரும்போது கல்லி முனையிலிருந்தே இருமத் தொடங்குவார். முகம் வெளுத்திருக்கும், கையில் எலுமிச்சம்பழம் கசங்கி நாராகியிருக்கும். தனக்குக் கொடுத்த சாப்பாட்டு டப்பாவைப் பிரிக்காமல் என்னிடம் நீட்டுவார், வயிறு நிறைந்துவிட்டது என்பார். பஸ்ஸில் எந்தப் பை நிறைந்தது என்று எனக்குத் தெரியும். சூடு ஆறிய அந்தப் புலாவை நான் உட்கார்ந்து தின்பேன், அவர் வீட்டைப் பற்றிச் சொல்வார். "மூணு ரூமு. அடுப்பு மேடை என் ஒசரத்துக்கு ஒத்து வரல. வேண்டாம்னுட்டேன்." இன்னொன்றில் வாசல் தெற்குப் பார்த்திருந்தது, அதையும் வேண்டாம் என்றுவிட்டார். பில்டர்களின் ஆட்கள் போன் செய்து மேடத்தின் முடிவைக் கேட்பார்கள். என் வீட்டுக்காரர், அம்மா யோசிக்கிறார்கள் என்று மரியாதையாகச் சொல்வார்.

எனக்கு மகள் பிறந்து நடக்க ஆரம்பித்ததும் அவளையும் தூக்கிக்கொண்டு போனார். டிவி என்றால் அட்டை என்றே அவள் ரொம்ப நாள் நினைத்திருந்தாள். ஒரு தடவை குழாயே இணைக்காத சாம்பிள் டாய்லெட்டில் அவள் போய்விட்டாள். அத்தை அசரவில்லை. "செக் கியா", சோதித்துப் பார்த்தாயிற்று, என்று அங்கே நின்ற பையனிடம் சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு வந்துவிட்டார்.

கொழுந்தன் கல்யாணமாகி டிராம்பே பக்கம் போனான். நாங்கள் கடனை உடனை வாங்கி விக்ரோலியில் இந்த வீட்டைப் பிடித்தோம். ஒரு பெட்ரூம், ஒரு ஹால். சாவி வாங்கிய அன்று அத்தையைக் கூட்டிவந்தோம். அவ்வளவு வீடு பார்த்தவர், அடுப்பு மேடையைத்தான் முதலில் பார்ப்பார் என்று நினைத்தேன். வாசல் எந்தத் திசை என்றுகூடக் கேட்கவில்லை. நேரே பெட்ரூமுக்குப் போய், நடுவில் நின்று அண்ணாந்தார். சுவரும் மேல்தளமும் சேருகிற இடத்தை மூலை மூலையாகப் பார்த்துக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றினார்.

"மூடியிருக்கு" என்றார்.

"மூடியிருக்கு அத்தை" என்றேன். என் வீட்டுக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. புது வீட்டில் ஓட்டை இருக்குமா என்று கேட்டார், கீழ்வீடுவரை கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு அத்தை பஸ் ஏறவேயில்லை. எலுமிச்சம்பழம் ஊறுகாய்க்கு மட்டும்தான் வாங்கினோம். ஹாலில் ஜன்னலோரம் படுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் பகல் முழுக்க நிம்மதியாகத் தூங்குவார். போன மழைக்காலத்தில் போய்விட்டார். இப்போது சாம்பிள் ஃப்ளாட் பார்க்கப் பன்வேல் போக வேண்டியதில்லை, மாலிலேயே கண்ணில் எதையோ மாட்டிவிட்டுக் காட்டுகிறார்கள். சாப்பாடு கிடையாது. என் வீட்டுக்காரருக்குப் பட்டறை காதைத் தின்றுவிட்டது, இப்போது கத்துவது நான். பெட்ரூம் கதவு மகளுக்குப் போய்விட்டது. பத்தாவது பரீட்சைக்கு என்று சாத்தியவள் இன்னும் திறக்கவில்லை.

மேல்வீட்டில் மராட்டிக் குடும்பம். மகனுக்குக் கல்யாணமாகி, மருமகள் வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. ஹாலை மறித்து அவர்களுக்கு ஒரு அறை போடத்தான் இந்த அறுப்பெல்லாம். வந்து பாருங்கள் என்று அந்த அம்மா இன்று காலை கூப்பிட்டாள். போனேன். பிளைவுட் சுவர், புதுக் கதவு, பளபளவென்று தாழ்ப்பாள். அந்தப் பெண் ஓரமாக, முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அண்ணாந்து பார்த்தேன். சுவர் மேல்தளத்துக்கு ஒரு முழம் கீழேயே நின்றிருந்தது.

மேலேயும் மூடச் சொல்லுங்கள் என்றேன். மூடினால் ஹாலில் இருக்கிற ஏசி உள்ளே வராது, புழுங்கும் என்றான் தச்சன். செலவும் கூடும் என்றாள் அந்த அம்மா. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் எங்கே போவீர்கள் என்று நான் அவளைக் கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை. நீங்களே சொல்லுங்கள், எனக்கு அத்தை இருந்தார், அந்தப் பெண்ணுக்கு எந்த பஸ் வரும்? தச்சனிடம் ஸ்டூலை வாங்கிப் போட்டு ஏறி நின்று, சுவர் எது வரை போக வேண்டும் என்று மேல்தளத்தில் கையை வைத்துக் காட்டிவிட்டு வந்தேன்.