எழுப்பிப்போடுவாங்கள்

நேற்று வேலையால் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை, மணி அடித்தது. திறந்தால் சுபா, என் கணவரின் சித்தப்பா மகள். கையில் பெரிய சூட்கேஸ். காதல் கீதல் என்று ஓடிவந்துவிட்டாளாக்கும் என்றுதான் என் புத்தி போனது. நாடகம் பார்த்துக் கெட்ட புத்தி.

"மச்சாள், ஒரு மாசம் உங்களோடை இருக்கட்டோ? வேலை கிடைச்சிட்டுது. அம்மா வெளிக்கிடச் சொல்லிட்டா."

வேலை கிடைத்த பிள்ளையை யாராவது வீட்டை விட்டு அனுப்புவார்களா என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்குக் கேட்கத் தேவை இருக்கவில்லை. அவளும் தாயும் கார்ட்டியர்வில்லில், உழைப்பைப் பார்த்து வாடகை போடும் அரசாங்கத்தின் குறைந்த வாடகை வீட்டில் இருக்கிறார்கள். எங்கள் ஆட்களின் வாயில் அது 'கவுண்மேந்து வீடு'. தாய்க்கு அழைத்தேன். "மாமி, உழைப்புக் கூடினால் வாடகைதான் கூடும். அதுக்காக ஒருத்தரும் உங்களை வீட்டாலை எழுப்பேலாது" என்றேன். "உமக்கு வடிவாத் தெரியுமோ பிள்ளை?" என்று கேட்டார். தெரியும் என்றேன். எப்படித் தெரியும் என்று அவர் கேட்காதது நல்லதாய்ப் போயிற்று. பிள்ளைக்குச் சோறு கொடுத்து, நானே காரில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். அவளுடைய சூட்கேஸின் பூச்சி உருண்டை மணம் காருக்குள் அப்படியே நின்றது.

அண்ணையின் பையும் அன்றைக்கு இப்படித்தான் மணத்தது.

நாங்களும் அப்படியொரு வீட்டில்தான் இருந்தோம். அப்பா முதலில் கனடா வந்து, நாங்கள் கொழும்பில் லொட்ஜ் லொட்ஜாக மாறி, ஒருவழியாக அவர் எங்களைக் கூப்பிட்டு, நாலு பேரும் ஒன்றாகப் படுத்தெழும்பிய முதல் வீடு. ஹீட்டர் இரவெல்லாம் டொக்கு டொக்கு என்று அடிக்கும். பக்கத்து வீட்டு ஹெய்ட்டி மனுசி மீன் பொரித்தால் எங்களுக்குப் பசிக்கும். அம்மா மிளகாய் வறுத்தால் அந்த மனுசி தும்மித் தும்மிச் சிரிப்பார். அம்மாவுக்கு அந்த வீடு சொர்க்கம்.

அண்ணைக்கு விமானப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு நல்லதொரு குளிர்க்கோட்டு வாங்கிவந்தார். அந்தச் சந்தோசம் ஒரு கிழமைகூட நிலைக்கவில்லை. அப்பாவோடு ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவிய தம்பிராசா அண்ணை வந்து, தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே சொன்னார்:

"பெடியன்ரை உழைப்பும் வீட்டுக் கணக்கிலைதான் விழும். பேந்து எல்லாரையும் எழுப்பிப்போடுவாங்கள். எனக்குத் தெரிஞ்ச ஆக்களுக்கு நடந்தது."

தெரிந்த ஆட்கள் யார் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. "நான் ஒஃபிசிலை கேக்கட்டோ?" என்றேன். என் பிரெஞ்சு அப்போது தெப்பனரில், அதுதான் மூலைக்கடையில், பால் வாங்கத்தான் காணும். ஆனாலும் வாய் சும்மா இருக்காதே. அப்பா பாய்ந்தார்: "கேட்டா, ஏன் கேக்கிறாய் எண்டு பாப்பாங்கள். பேசாமல் இரு!" ஊரில் ஆமிச் சென்ரியில் கேள்வி கேட்டவனுக்கு என்ன நடந்தது என்று பார்த்துவந்த மனிதர். கண்ணில் படாமல் இருப்பதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு. அவரைக் குறைசொல்ல எனக்கு இப்போது மனம் வருவதில்லை. சும்மா சலிப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அண்ணை நோத்ர-டாம்-த-கிரேஸ் பக்கம் ஒரு பேஸ்மென்ட் அறைக்குப் போனார். அம்மா அழுதார். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணை வருவார், அம்மா இறைச்சிக் கறி கட்டிக்கொடுப்பார். போகப்போக அண்ணை ஜக்கெட்டைக் கழற்றாமலே கதிரை நுனியில் இருக்கப் பழகிவிட்டார். ஒருநாள் அம்மா அவருக்கு விருந்தாட்கள் கோப்பையில், சோசரோடு தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். அண்ணை அந்தக் கோப்பையைப் பார்த்தார்.

அப்பா செத்து, நானும் கலியாணம் கட்டிப்போன பிறகு, அந்தக் கட்டடத்தின் கீழ் மண்டபத்தில் குடியிருப்பாளர் கூட்டம் ஒன்று நடந்தது. அம்மாவுக்கு மொழிபெயர்க்க நான் போனேன். கரப்பான் தொல்லை, ஹீட்டர் எல்லாம் பேசிமுடித்து, கமிட்டிப் பெண் பிரெஞ்சில் சொன்னார்: உழைப்புக் கூடினால் அடுத்த ஒப்பந்தத்தில் வாடகை ஏறும், அதற்காக யாரையும் வெளியே போகச் சொல்ல முடியாது, அங்கே இருப்பது உங்கள் உரிமை. ஹெய்ட்டி மனுசி கொட்டாவி விட்டார். அவருக்கு அது பழைய கதை. நான் மொழிபெயர்க்க மறந்துபோனேன்.

"என்னவாம்?" என்று அம்மா என்னை இடித்தார்.

"கரப்பானுக்கு மருந்தடிக்கப் போகினமாம்."

வெளியே வந்து அண்ணைக்கு அழைத்துச் சொன்னேன். "அப்ப நான் சும்மாதான் போனனானோ?" என்றார். பிறகு, "அம்மாவுக்குச் சொல்லிப்போடாதை" என்றார்.

போன வருடம், தனியாள் ஒருவருக்கு அவ்வளவு பெரிய வீடு தேவையில்லை என்று நிர்வாகம் அம்மாவை அதே கட்டடத்தில் ஒற்றை அறை வீட்டுக்கு மாற்றியது. அப்படி மாற்ற அவர்களுக்கு உரிமை உண்டு. இந்தமுறை முறையாகக் கேட்டறிந்துகொண்டோம். சாமான் தூக்க அண்ணை வந்தார். தன் பழைய அறைக்குள் நின்று சுவரைத் தடவிப் பார்த்தார்.

அம்மா கதவடியில் நின்று சொன்னார்: "இந்த அறையிலை நீ ஒழுங்கா ஒரு வருசம் படுக்கேல்லை. உனக்குத்தானே அப்ப தனியப் போக ஆசை."

அழுது வழியனுப்பியது அம்மாவின் நினைவில் இல்லை, தம்பிராசா அண்ணை வந்து சொன்னதும் இல்லை. தாங்கமுடியாததை மனம் இப்படித் திருப்பி எழுதிவைத்திருக்கிறது. நான் வாயைத் திறக்கப் போனேன். அண்ணை என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

"ஓம் அம்மா," என்றார். "எனக்குத்தான் ஆசை."

கட்டிலை ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கினோம். அந்த வீட்டில் இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள். நாங்கள் நாலு பேரும் சேர்ந்து இருந்த வீடு என்று எங்களுக்கு இருந்தது அது ஒன்றுதான்.