அத்தையின் கண்ணும் ஏகாதசித் தோசையும்

பொய் சொல்லத் தெரியாதவள் என்று எங்கள் வீட்டில் பெயரெடுத்தவள் நான். அது ஒன்றும் பெரிய நற்குணம் இல்லை. பொய் சொன்னால் என் காது சிவந்துவிடும். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் காதைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். அதனால் வீட்டில் எந்த வழக்கு வந்தாலும் சாட்சிக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்குப் பத்து வயதானபோது அத்தையின் கண் விஷயத்திலும் கூப்பிட்டார்கள். அன்று நான் சொன்ன சாட்சி நூற்றுக்கு நூறு உண்மை. உண்மையைச் சொல்லியும் ஒரு குடும்பத்தையே ஏமாற்ற முடியும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

நாங்கள் இருந்தது மைசூரில், லட்சுமிபுரத்தில். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் மேல்கோட்டையிலிருந்து வந்த வைஷ்ணவக் குடும்பம். வீட்டுக்குள் எங்கள் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம். அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர், இருபத்தேழு வயது, கண்ணாடி மைனஸ் ஒன்பது. சோடா பாட்டிலின் அடிப்பாகத்தை வெட்டி மாட்டியதுபோல ஒரு கண்ணாடி. அதை ஒரு நாள் திருடிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய், வெயிலில் பிடித்துக் காகிதத்தை எரிக்கப் பார்த்தேன். அரை மணி நேரம் பிடித்தும் காகிதம் சூடுகூட ஆகவில்லை. இது வெளிச்சத்தைக் குவிக்கிற கண்ணாடி இல்லை, விரிக்கிற கண்ணாடி என்று அத்தை பின்னால் வந்து நின்று விளக்கினாள். அவள் திட்டவே இல்லை. எனக்குத்தான் ஏமாற்றம். இவ்வளவு தடிமனாக இருந்து என்ன பிரயோஜனம் என்று தோன்றியது. தடிமன் என்றாலே உதவாதது என்று அன்றைக்கே என் மனதில் பதிந்துபோனது.

அந்தத் தடிமனால்தான் அத்தைக்குக் கல்யாணம் தட்டிப்போகிறது என்று பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள். தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம். கம்ப்யூட்டர் படித்த பையன்கள் எல்லாம் அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அப்படிப் போன ஒருவர் மூன்று வார லீவில் வந்து, அத்தையைப் பெண் பார்க்க வந்தார். கேசரிபாத், பஜ்ஜி, காப்பி எல்லாம் முறையாக நடந்தது. அதன் பிறகு அவருடைய அம்மா, கண்ணாடியைக் கொஞ்சம் கழற்றச் சொல்லுங்களேன் என்றாள். அத்தை கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை நன்றாகப் பார்த்தார். பக்கவாட்டில் திரும்பச் சொல்லியும் பார்த்தார். அப்புறம் அப்பாவிடம், "இப்போ லேசர் வந்தாச்சே சார். பண்ணிண்டுட்டா எனக்குச் சம்மதம்" என்றார். சொல்லிவிட்டு எழுந்துவிட்டார்.

வீட்டில் ஒரே கொண்டாட்டம். கண்ணாடி போய்விட்டால் கல்யாணம் நிச்சயம்; மாப்பிள்ளையின் லீவு முடிவதற்குள் நிச்சயதார்த்தம். அத்தையை யாரும் எதுவும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

லேசர் மெஷின் அந்த வருஷம்தான் எங்கள் ஊருக்கு வந்திருந்தது. புதிதாகத் திறந்த ஒரு கண் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். கத்தி இல்லை, ரத்தம் இல்லை, பத்து நிமிஷம்தான், மறுநாள் கண்ணாடியே வேண்டாம் என்று ஊரெல்லாம் பேச்சு. அந்த வெளிச்சம் கண்ணுக்குள் போய்த் தலைக்குப் பின்னால் வந்துவிடாதா என்று தாத்தாவுக்குக் கவலை. அப்பா பத்திரிகைத் துண்டுகளை வெட்டி வைத்து உரக்கப் படித்தார். எனக்கோ அந்த வெளிச்சம் என்ன நிறம் என்று தெரிந்தாக வேண்டும். சிவப்பா, நீலமா? அத்தைக்கும் தெரியவில்லை. வகுப்பில் கேட்டேன், டீச்சர் உட்காரச் சொல்லிவிட்டார்.

லேசருக்கு முன்னால் கண் அதற்குத் தாங்குமா என்று பரிசோதனை செய்வார்களாம். அதற்குக் கிடைத்த நாளோ ஏகாதசி. எங்கள் வீட்டில் ஏகாதசி என்றால் அரிசி கிடையாது. பெரியவர்கள் பழமும் பாலுமாக இருப்பார்கள், எனக்கு ரவை உப்புமா. வெங்காயம் எந்த நாளிலும் கிடையாது. தாத்தா நாளை மாற்றச் சொன்னார், ஆனால் லீவு போய்க்கொண்டிருந்தது. கண்ணில் சொட்டு மருந்து விடுவார்கள், திரும்பி வரும்போது கண் கூசும், கூட யாராவது வர வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அப்பாவுக்கு ஆபீஸ், எனக்கு விடுமுறை. நான் முந்திக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி சினிமாவில் வருகிற ஆஸ்பத்திரிபோலப் பளபளவென்று இருந்தது. அத்தை ஒரு மெஷினில் தாடையை வைத்ததும், அவள் கண்ணின் மேல் சிவப்பு வளையங்கள், ஒன்றுக்குள் ஒன்றாக, கோலம் போட்டதுபோல விழுந்தன. பக்கத்துத் திரையில் அந்தக் கண்ணே ஒரு தேசப்படமாக மாறியது. நடுவில் மஞ்சள், சுற்றிலும் பச்சை, ஓரத்தில் நீலம். புவியியல் புத்தகத்தில் மழை அளவு காட்டுகிற படம் அப்படியேதான் இருக்கும். எங்கே மழை அதிகம் என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் நல்ல மனிதர். இது மழை இல்லை, மேடு பள்ளம், கண்ணிலும் மேடு உண்டு என்று கன்னடத்தில் சொல்லிக் கொடுத்தார்.

பிறகு கண்ணை மரத்துப்போகச் செய்து, பேனா மாதிரி ஒன்றைக் கருவிழியின் மேல் மெதுவாகத் தொட்டார். அது கீச்சென்று கத்தி ஒரு எண்ணைக் காட்டியது. நான்கைந்து தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, "உங்க கருவிழித் தோல் நல்ல தடிமனா இருக்கு" என்றார் அத்தையிடம். எனக்குப் பகீரென்றது. கண்ணாடிதான் தடிமன் என்றால் கண்ணும் தடிமனா? பாவம் அத்தை என்று மனம் இளகிப்போனது. ஆனால் டாக்டர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எங்கள் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை ஃபெயில் என்பதைக்கூடச் சிரித்துக்கொண்டுதான் சொல்வார், அதனால் எனக்கு ஆச்சரியமாக இல்லை.

அத்தை டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும் என்றாள். நர்ஸ் என்னை லேசர் அறைக்குக் கூட்டிப்போய்க் கண்ணாடிக் கதவு வழியாகக் காட்டினாள். உள்ளே பெரிய வெள்ளை மெஷின், அதன் நெற்றியில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு. ஆயுத பூஜையன்று எல்லாரும் குங்குமம் வைக்கப் போக, தூள் பட்டால் மெஷின் கெட்டுவிடும் என்று டாக்டர் கத்த, நர்ஸ் தன் பொட்டையே எடுத்து ஒட்டிவிட்டாளாம். வெளிச்சம் என்ன நிறம் என்று அவளிடமும் கேட்டேன். அது கண்ணுக்கே தெரியாது என்றாள். கண்ணைச் சரிசெய்கிற வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது என்பதை என்னால் நம்பவே முடியவில்லை.

வெளியே வந்த அத்தை, திரையில் பார்த்த அந்த வண்ணப்படத்தைக் காகிதத்தில் அச்சடித்து வாங்கி வந்து என் கையில் கொடுத்து நீயே வைத்துக்கொள் என்றாள். வெயிலில் அவளுக்குக் கண் கூசியது. என் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினாள். தாண்டி நேராக எதிரே இருந்த ஓட்டலுக்குள் நுழைந்துவிட்டாள். இரண்டு மசாலா தோசை என்றாள். எனக்கு மூச்சே நின்றுவிட்டது. ஏகாதசி, அரிசி, உள்ளே மடித்த உருளைக்கிழங்குப் பல்யத்தில் வெங்காயம். ஒரே இலையில் மூன்று பாவம். ஆனால் வெண்ணெய் உருகிக்கொண்டிருந்தது. சாப்பிட்டோம்.

பாதித் தோசையில் அத்தை நிமிர்ந்து கேட்டாள்.

"அந்த மாப்பிள்ளை மூஞ்சி எப்படி இருந்ததுடி குட்டி? காப்பி குடுக்கறச்சே தலையைக் குனிஞ்சுண்டிருந்தேன், அப்புறம் கண்ணாடி இல்லை, நான் பாக்கவே இல்லையே."

"அப்புறம் கண்ணாடி போட்டுண்டேளே அத்தை, அப்போ பாக்கலையா?"

"அப்போ அவர் எழுந்துண்டு வாசலுக்குப் போயாச்சு. முதுகுதான் தெரிஞ்சுது."

அவர் மூக்கு நீளம் என்றேன். அத்தை தலையாட்டினாள். அவள் கண்ணில் நீர் வழிந்தது. சொட்டு மருந்து இன்னும் போகவில்லை என்று நினைத்தேன். பிறகு, வகுப்பில் வாய்ப்பாடு கேட்கிற குரலில், டாக்டர் என்ன சொன்னார் என்று என்னைக் கேட்டாள். தடிமன் என்றார் என்றேன். "கரெக்ட். ஆத்துல கேட்டா அதையே சொல்லு. தோசையைப் பத்தி வாயைத் திறக்காதே" என்றாள்.

வீட்டில் எல்லாரும் கூடத்தில் காத்திருந்தார்கள். அத்தை செருப்பைக் கழற்றிக்கொண்டே, கருவிழித் தோல் தடிமனாம், லேசர் உள்ளே போகாதாம், பண்ண முடியாதாம் என்று சொன்னாள். அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. என் பக்கம் திரும்பி, "டாக்டர் அப்படியா சொன்னார்?" என்றார். தடிமன் என்று சொன்னார், என் காதாலேயே கேட்டேன் என்றேன். அம்மா என் காதைப் பார்த்தாள். அது சிவக்கவில்லை. வழக்கு முடிந்தது.

முடிந்தது என்றுதான் நினைத்தேன். அப்பா லேசில் விடுகிற ஆள் இல்லை. எதற்கும் நாளைக்கு நானே போய் டாக்டரைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்றார். அத்தையின் முகம் வெளுத்தது. எனக்கோ வேறு கவலை. ஆஸ்பத்திரிக்கு நேர் எதிரே அந்த ஓட்டல். கல்லாவில் இருந்தவர் அப்பாவுக்குத் தெரிந்தவராக இருந்தால்? நேற்று உங்கள் பெண் வந்து வெளுத்துக்கட்டினாளே என்று சொல்லிவிட்டால்? காது கொதிக்க ஆரம்பித்தது. என்னால் தாங்க முடியவில்லை. மசாலா தோசை, வெங்காயம், வெண்ணெய், கடைசியில் குடித்த காப்பி வரைக்கும் ஒன்று விடாமல் கொட்டி அழுதுவிட்டேன்.

அதற்குப் பிறகு கண்ணைப் பற்றி யார் பேசினார்கள்? தாத்தா இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார். டீச்சர் வேலை பார்க்கிற பெண், குழந்தையையும் கெடுத்து, அதுவும் ஏகாதசியில் என்று அம்மா ஆரம்பித்தாள். அத்தை எல்லாவற்றையும் தலைகுனிந்து வாங்கிக்கொண்டாள். இப்படிப்பட்டவளுக்குப் பெருமாள் எப்படிக் கண்ணைக் கொடுப்பார் என்றார் தாத்தா. தோசைக்கு முன்பே பரிசோதனை முடிந்துவிட்டதே என்று சொல்ல நினைத்தேன், ஆனால் நான் பேசக்கூடிய நிலையில் இல்லை. அப்பா ஆஸ்பத்திரிக்குப் போகவே இல்லை. மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர்களும் வருத்தப்பட்டு, வேறு பெண்ணைப் பார்த்துக்கொண்டார்கள்; மாப்பிள்ளை விமானம் ஏறினார். அத்தையைக் காட்டிக்கொடுத்துவிட்டேனே என்று நான்தான் பல நாள் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் அலைந்தேன். அவளோ என்னைப் பார்க்கும்போதெல்லாம் கன்னத்தைக் கிள்ளினாள். அத்தையின் நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தை இப்போது தலைமை ஆசிரியை. முப்பத்திரண்டு வயதில் அவள் கட்டிக்கொண்டவர் கண்ணாடியைக் கழற்றச் சொன்னதில்லை. எனக்கும் கல்லூரியில் கண்ணாடி வந்தது. சென்ற வருஷம் ஆசைப்பட்டு லேசருக்குப் போனேன். இப்போதெல்லாம் கண்ணைத் தொடுவதே இல்லை, தூரத்திலிருந்தே அளந்துவிடுகிறார்கள். டாக்டர் சின்னப் பெண். உங்கள் கருவிழித் தோல் மெல்லிசு, லேசர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். எங்கள் குடும்பத்துக்கே ராசி இல்லை, அத்தைக்குத் தடிமன் என்று மாட்டேன் என்றார்கள், எனக்கு மெல்லிசு என்கிறீர்கள் என்றேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"லேசர் அந்தத் தோலைத்தானே செதுக்கும். தடிமனா இருந்தா எங்களுக்கு நல்லது மேடம். அதுக்காக யாரும் மாட்டேன்னு சொல்ல மாட்டாங்களே" என்றாள்.

அந்த நாற்காலியிலேயே என் காது சிவந்தது.

டாக்டர் சிரித்தது நினைவுக்கு வந்தது. அப்புறம் அதற்கு அடுத்த ஏகாதசி நினைவுக்கு வந்தது. அன்று அத்தை பழம், பால் எதையும் தொடவில்லை. தண்ணீர்கூடக் குடிக்காமல் பள்ளிக்கூடம் போய்ப் பாடம் நடத்திவிட்டு வந்தாள். தோசை தின்ற பாவத்துக்குப் பிராயச்சித்தம் என்று தாத்தா மனம் குளிர்ந்தார். எனக்கு மட்டும் ஒரு நியாயம் இடித்தது. நானும்தானே தின்றேன், நான் ஏன் பட்டினி இருக்க வேண்டாம் என்று அத்தையிடம் கேட்டேன். அவள் உலர்ந்த உதட்டோடு சிரித்தாள். "உன் பங்குக்கும் சேர்த்துத்தான் நான் இருக்கேன், குட்டி" என்றாள்.

என் பங்கு ஒரு மசாலா தோசைதான் என்று நினைத்துக்கொண்டு, நான் நிம்மதியாக உப்புமா சாப்பிடப் போனேன்.