உலக்கை தாண்டிய கன்று

அது யுத்த காலம். திண்டிவனம் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்களுக்கு ஒற்றை அறை வீடு. எங்கள் உறவில் யாருக்கும் மாடு கிடையாது. ஊரில் இருந்தவரை அடுத்தவர் மாட்டைத்தான் குளிப்பாட்டினோம். அதனால் மாட்டுப் பொங்கலன்று எங்கள் பிள்ளைகளே மாடு. நெட்டி மாலை போட்டு, மஞ்சளும் குங்குமமும் வைத்துத் தெருவில் ஓடவிடுவோம். அந்த வருஷம் தை மாதத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஆட்டம் வீட்டுக்குள் வந்தது.

எனக்கு அதில் சந்தோஷம்தான். ஐப்பசியில் வந்த காய்ச்சலில் என் மூன்று வயது மகளுக்கு இடது கால் துவண்டுபோயிருந்தது. நிற்கமாட்டாள். தவழும்போதும் அந்தக் காலை இழுத்துக்கொண்டு வருவாள். "இனிமே அவ்ளோதான்" என்ற பக்கத்து வீட்டுக்காரியை வாசலோடு விரட்டியிருந்தேன். எனக்கு வாய் ஜாஸ்தி. அவள் பிள்ளைகள் மட்டும் விளையாட வந்துவிட்டார்கள், அவர்களை எப்படி விரட்டுவது? தெரு ஆட்டமென்றால் மகள் என் இடுப்பிலிருந்து வேடிக்கை பார்த்திருப்பாள். வீட்டுக்குள் எல்லா மாடும் தவழ்ந்தது. அவளும் ஒரு கன்று.

"பொங்கலோ பொங்கல்" என்று நான் தட்டைத் தட்ட, அடுப்பைச் சுற்றி, பெட்டியைச் சுற்றி ஒரே அமர்க்களம். ஊரில் வீடு திரும்பும் மாடு, தொழுவ வாசலில் கிடத்திய உலக்கையைத் தாண்டித்தான் உள்ளே போகும். அதுவும் வேண்டுமென்று மகன் உலக்கையை உருட்டிவந்து குறுக்கே போட்டான். மற்ற மாடுகள் தாவிப் போயின. இவள் உலக்கைக்கு முன்னால் வந்து தயங்கிவிட்டாள். தூக்கி அந்தப் பக்கம் விடக் குனிந்தேன்.

"சும்மா இரு. மாட்டைப் போயி யாருனா தூக்கிக்கினு போவாங்களா?" என்றார் என் வீட்டுக்காரர். எதிரே குந்திக்கொண்டு, உள்ளங்கையில் பொங்கலை வைத்து, "பா... பா..." என்று கூப்பிட்டார்.

இரண்டு கையும் தாண்டின. வலது கால் தாண்டியது. இடது கால் இந்தப் பக்கமே கிடந்தது. அவள் திரும்பி அதைப் பார்த்தாள். பிறகு முட்டியை மெல்லத் தூக்கினாள். இழுக்கவில்லை, தூக்கினாள். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

பொங்கலைத் தின்றதும், "இன்னொரு வாட்டி" என்றாள்.

அதற்குப் பிறகு அந்த உலக்கையை அங்கிருந்து நான் எடுக்கவே இல்லை. கேப்பை இடிக்க, வெட்கத்தை விட்டு, பக்கத்து வீட்டுக்காரியிடமே உலக்கை இரவல் கேட்டேன். அவளும் எடுத்துக் கொடுத்தாள். பிள்ளைகள் தினமும் மாடானார்கள்.

சித்திரையில் ஒரு நாள், முறை வந்தபோது, மகள் என் புடவையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஒரு கால், மறு கால் என்று உலக்கையைத் தாண்டினாள். என் மகன் அழாத குறையாகச் சண்டைக்கு வந்தான்:

"அம்மா, இவ ஏமாத்துறா! மாடு எங்கனா ரெண்டு கால்ல நடக்குமா?"