வைரஸ் என்று எழுதிய கார்டுகள்

தொண்ணூறுகளின் கடைசியில், அம்பத்தூர் எஸ்டேட்டில் கீழே லேத் ஓடும் ஒரு கட்டடத்தின் மாடியில் நாங்கள் மூன்று பேர் கம்ப்யூட்டரில் ஆடும் கேரம் ஒன்றைச் செய்து ஃப்ளாப்பியில் விற்றோம். புரோகிராம் எழுதியது நான். வாங்கியவர்களின் கடிதங்களுக்குப் பதில் போடுவதும் என் தலையில்தான் விழுந்தது. மூவரில் என் கையெழுத்துதான் படிக்கும்படி இருந்தது.

விளையாட்டில் ஒரு கோளாறு. ரெட் காயும் அதற்கு ஃபாலோவாகப் போடும் காயும் ஒரே அடியில் குழிக்குள் விழுந்தால் திரை அப்படியே நின்றுவிடும். நன்றாக ஆடுகிறவர்களுக்கு மட்டும் வரும் கோளாறு என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. சரக்கு கடைகளுக்குப் போன பிறகுதான் அதைக் கண்டுபிடித்தோம். பணம் போட்ட முதலாளி ஆவடிக்காரர். அதிகம் யோசிக்கவில்லை.

"நம்ம தப்புன்னு எழுதுனா கடைக்காரன் அத்தினியும் திருப்பிக் குடுத்துருவான். மிஷின்ல வைரஸ் கீது, ஃபார்மேட் பண்ணுங்கன்னு எழுது. எவன் வந்து பாக்கப் போறான்?"

அந்த நாளில் வைரஸ் என்று சொன்னால் போதும், மேற்கொண்டு யாரும் வாய் திறக்க மாட்டார்கள். நானும் கார்டு கார்டாக எழுதித் தள்ளினேன்.

முகப்பேரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஹவுசிங் போர்டு ஃபிளாட்டில், வீட்டிலேயே டி.டி.பி. அச்சுக்கோப்பு வேலை செய்யும் ஒரு பெண்மணி எழுதியிருந்தார். வேலை ஓயும் மத்தியானங்களில் கேரம் ஆடுவாராம். பங்குக் கோயிலின் பொன்விழா மலர் முழுவதும் அதே கம்ப்யூட்டரில் இருக்கிறது, அதனால் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். அந்த வரி என் கண்ணில் படாமல் இல்லை. ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்று தெரிந்தும் வழக்கமான பதிலையே போட்டேன்.

மூன்றாவது வாரம், என் கார்டைக் கையில் பிடித்தபடி நேரிலேயே வந்துவிட்டார். நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று நினைத்தேன். அவர் உட்கார்ந்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"நீங்க சொன்ன மாதிரியே ஃபார்மேட் பண்ணிட்டேன் தம்பி. ஃப்ளாப்பில எடுத்து வெச்ச மலரு பாதி தொறக்க மாட்டேங்குது. அது போவட்டும், மறுபடி டைப் பண்ணிக்கினு கீறேன். ஆனா கேம் இன்னும் அதே எடத்துலதான் நிக்குது. வைரஸ் போவலையா? இன்னொரு தடவை ஃபார்மேட் பண்ணணுமா?"

குரலைத் தாழ்த்தி, "வைரஸ் எல்லாம் இல்லீங்க. எங்க கேம்லதான் தப்பு" என்றேன்.

அவர் கத்தவில்லை. கார்டை ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.

"அப்போ அதை ஒரு கார்டுல எழுதிக் குடுங்க. விழாவுக்கு மலரு வராது. நான் சோம்பேறித்தனமா இருந்துட்டேன்னு ஃபாதர் நெனைச்சுக்கினு கீறாரு."

என் மேசை இழுப்பறை நிறைய வெற்றுக் கார்டுகள். முதலாளி வந்ததும் கேட்டு அனுப்புகிறேன் என்றேன். முதலாளி அடுத்த அறையில்தான் இருந்தார். அவர் இருமியது எங்கள் இருவருக்குமே கேட்டது.

"சரி தம்பி" என்று எழுந்தார்.

அவர் படியிறங்கிப் போனதும் எனக்கு வந்தது நிம்மதிதான். வெட்கப்படுவதற்கு நாலைந்து நாள் ஆனது. அதற்குப் பிறகும் அந்தக் கார்டை நான் எழுதவில்லை.